அந்த ரத்தம் தொப்புள்கொடியில் இருக்கிறது

28 வாரத்தில் பிறந்துவிடும் குழந்தையின் ரத்தத்தில் அல்புமின் என்னும் புரதம் டெசிலிட்டருக்கு 2 கிராம் அளவில்தான் இருக்கும். பெரியவர்களுக்கு 3.5-க்குக் கீழே இறங்கினாலே ஆய்வக அறிக்கை எச்சரிக்கும். ஆனால் தாயின் வயிற்றிலேயே இருந்திருந்தாலும் அந்த வாரத்தில் அக்குழந்தைக்கு ஏறத்தாழ அவ்வளவுதான் இருந்திருக்கும். அப்படியிருந்தும், எண் குறைவாக இருக்கிறதென்று, ரத்த ஓட்டம் சீராகும் என்ற நம்பிக்கையில் அல்புமின் ஏற்றும் வழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. அது ஒழிய வேண்டும்.

இந்த நம்பிக்கை வெறும் கற்பனையில் பிறந்ததல்ல. ரத்தக்குழாய்க்குள் நீரைப் பிடித்துவைப்பதில் அல்புமினுக்கு முக்கியப் பங்குண்டு. அது குறைந்தால் நீர் கசிந்து உடல் வீங்கலாம். குறைமாதக் குழந்தையின் நுண்குழாய்களோ அல்புமினையே கசியவிடும். ஏற்றியதில் ஒரு பகுதி திசுக்களுக்குள் போய், நீரையும் அங்கே இழுத்துக்கொள்ளும். நோய் முற்றிய குழந்தைகளிடம் அல்புமின் மிகக் குறைந்திருப்பது உண்மை. அது நோயின் அடையாளம். நோய்க்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை. அல்புமின் ஏற்றி நடந்த சோதனைகளை 2004-இல் திரட்டிப் பார்த்த காக்ரேன் ஆய்வு, பலன் உண்டென்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. பிரிட்டனில் 32 வாரத்துக்கு முன் பிறந்த 776 குழந்தைகளிடம் நடந்து, 1996-இல் வெளியான சோதனையில், முன்கூட்டியே, அல்புமின் அடங்கிய பிளாஸ்மா ஏற்றியதால் மரணமோ ஊனமோ குறைந்ததாகத் தெரியவில்லை. எந்தத் திரவமானாலும், அவசரமாக ஏற்றினால் மூளையின் மெல்லிய நாளங்கள் உடைய வாய்ப்புண்டு.

ரத்தம் இழந்த குழந்தைக்கு ஈடுசெய்யத்தான் வேண்டும். அது வேறு விஷயம்.

ரத்த ஓட்டத்தைக் காக்க வேண்டுமென்றால் பிரசவ அறையிலிருந்தே தொடங்க வேண்டும். பிறக்கும் கணத்தில் குழந்தையின் ரத்தத்தில் கணிசமான பங்கு நஞ்சுக்கொடியில் நிற்கிறது. உடனே தொப்புள்கொடியில் கிளாம்ப் போட்டால் அது வீண். 3,200-க்கும் மேற்பட்ட குறைமாதக் குழந்தைகளின் சோதனைத் தரவுகளைச் சேர்த்து 2023-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வில், கிளாம்ப் போடுவதைத் தள்ளிப்போட்டதால் மரணம் குறைந்தது. ஒரு நிமிடத்துக்கு முன் கிளாம்ப் போடாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது.

மூச்சுவிடாத குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் காத்திருப்பது எளிதல்ல என்று மருத்துவர்கள் சொல்வார்கள். நியாயம்தான். அதற்குத்தான் மூச்சளிக்கும் கருவி தாயின் கட்டிலருகே வர வேண்டும். அதை இயக்கப் பயிற்சி பெற்ற செவிலியர் பக்கத்தில் நிற்க வேண்டும். உலகிலேயே அதிகக் குறைமாதப் பிரசவங்கள் நடக்கும் இந்தியாவில் இதற்குப் பணமில்லை என்று எந்த அரசும் சொல்லக் கூடாது. கிளாம்ப் போட்ட நேரம் விநாடிக் கணக்கில் கேஸ் ஷீட்டில் பதிவாக வேண்டும். எண்ணை மட்டும் பார்த்து அல்புமின் ஏற்றியிருந்தால், எழுதிக்கொடுத்தவரிடம் மருத்துவமனை நிர்வாகம் காரணம் கேட்க வேண்டும்.