பதிவிறக்காத கோப்புக்கு ஆயுள் எவ்வளவு?

இணையத்தில் ஏற்றிவிட்டால் கோப்பு என்றும் இருக்கும் என்று மாணவர்கள் பலர் நம்புகிறார்கள். சுங்கை பினாங்கில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்குத் தமிழ் சொல்லித்தரும் எனக்கு, எஸ்பிஎம் நெருங்கும்போதெல்லாம் ஒரே கேள்வி வருகிறது: "சார், போன வருசம் அக்கா புலனத்துல அனுப்புன லிங்க் இப்ப திறக்கலையே, ஏன்?"

காரணம் எளியது. சில இலவசக் கோப்புப் பகிர்வுச் சேவைகளில், நாம் ஒரு கோப்பைப் பதிவிறக்கும் ஒவ்வொரு முறையும், அதை வைத்திருக்கும் சேவையகம் அந்த நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்கிறது. கடைசிப் பதிவிறக்கத்திலிருந்து நாள்கள் எண்ணப்படுகின்றன. கெடு தாண்டினால் கோப்பு தானாக அழிக்கப்படும். யாராவது இடையில் பதிவிறக்கினால் எண்ணிக்கை மீண்டும் தொடக்கத்திலிருந்து ஆரம்பமாகும்.

2006இல் தொடங்கிய ஜிப்பிஷேர் இப்படித்தான் இயங்கியது. 30 நாள்கள் யாரும் தொடாத கோப்பு அங்கே நிலைக்காது. இலவசச் சேவைக்கு வருமானம் விளம்பரம். யாரும் தேடி வராத கோப்பு இடத்தை அடைக்குமே தவிர காசு தராது. மின்கட்டண உயர்வையும் விளம்பரத் தடுப்பு மென்பொருள்களையும் காரணம் காட்டி, 2023 மார்ச் இறுதியில் அச்சேவையே மூடப்பட்டது.

கூகுளின் கணக்கு வேறு. அது கோப்பைப் பார்ப்பதில்லை, உரிமையாளரைப் பார்க்கிறது. ஈராண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் அது நீக்கிவருகிறது. அந்தக் கணக்கின் டிரைவ் கோப்புகளும் படங்களும் சேர்ந்தே போய்விடும். அவற்றை நூறு மாணவர்கள் பதிவிறக்கியிருந்தாலும், உரிமையாளர் உள்ளே நுழையாவிட்டால் பயனில்லை.

இதில் அதிகம் இழப்பவர்கள் நாம்தான் என்பது என் கருத்து. பலர் தேடும் கணிதக் குறிப்பு எப்போதும் உயிரோடு இருக்கும். சிலரே எடுக்கும் தமிழ் இலக்கியப் பாடத்தின் குறிப்பு ஆண்டில் சில வாரங்களே தேவைப்படும்; மீதி மாதங்களில் அது சீந்துவாரற்றுக் கிடக்கும். பதிவிறக்க எண்ணிக்கை ஒரு கோப்பின் தேவையைக் காட்டலாம். அதன் மதிப்பைக் காட்டாது.

மாற்று வழி நம்மவர்களிடமே உண்டு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005 முதல் ஈழத்து நூல்களைச் சேர்த்துவரும் நூலகம் திட்டமும், எத்தனை பேர் படித்தார்கள் என்று பார்த்து நூல்களை நீக்குவதில்லை. பாதுகாப்பதே அவற்றின் நோக்கம்.

மாணவர்களே, இணைப்பை மட்டும் சேமிக்காதீர்கள். கோப்பையே இறக்கி வையுங்கள். ஒரு பிரதி கணினியிலும் மற்றொன்று விரலியிலும் இருக்கட்டும். பள்ளிக் கணக்கில் உள்ளவற்றைப் பள்ளியை விட்டுப் போகுமுன் சொந்தக் கணக்குக்கு மாற்றுங்கள். பழைய கூகுள் கணக்கிற்குள் அவ்வப்போது நுழைந்து பாருங்கள். ஆசிரியர்களும் தங்கள் குறிப்புகளைப் பள்ளி நூலகத்தில் ஒப்படைத்தால், அடுத்த ஆண்டு மாணவர் வெறும் கையோடு திரும்ப வேண்டியிருக்காது.