வெளிப்படை எழுத்தும் மறை எழுத்தும்

நமது புதுவையில் துய்ப்ளெக்ஸ் துரைக்குத் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளையவர்கள், 1736 முதல் 1761 வரை எழுதிவந்த நாட்குறிப்பில், அத்துரையின் மனைவியாரைக் குறித்துக் கசப்பான அபிப்பிராயங்கள் பலவற்றைப் பதிந்திருக்கிறார். அவ்வம்மையாரோ தமிழ் பேசத் தெரிந்தவர்! அங்ஙனமிருந்தும் பிள்ளையவர்கள் சங்கேதம் எதனையும் நாடாது, பேச்சுவழக்குத் தமிழிலேயே எழுதினார். அதனாலன்றோ 1846-இல் அக்கையெழுத்துக்கள் வெளிப்பட்டபோது தமிழறிந்தோர் வாசிக்க இயன்றது? லண்டனில் பீப்ஸ் என்பார் சுருக்கெழுத்தில் வரைந்த நாட்குறிப்பையோ, ஜான் ஸ்மித் என்பவர் 1819 முதல் 1822 வரை உழைத்துப் பெயர்த்தெழுத வேண்டியதாயிற்று. அச்சுருக்கெழுத்தைக் கற்பிக்கும் நூல் அதே நூலகத்திலேயே இருந்ததை அவர் அறியார், பாவம்!

இதுகொண்டு, மென்பொருள் இயற்றும் நம் மாணவர் யாவற்றையும் திறந்துவைக்கலாமென எண்ணற்க. நான் கடவுச்சொல்லை மறந்த ஒருகால், ஒரு நிறுவனத்தார் அதனை எழுத்துப் பிசகாமல் மின்னஞ்சலில் அனுப்பிவைத்தனர். நான் மகிழவில்லை, அஞ்சினேன். அவர்களால் வாசிக்க முடிந்ததைக் கள்வனும் வாசிப்பானே!

கடவுச்சொல்லை அந்நிறுவனத்தார்கூட வாசிக்கவேண்டிய அவசியம் யாதுமில்லை. ஆதலின் ஒவ்வொருவர் சொல்லோடும் வெவ்வேறு ‘உப்பு’ (கணினியார் இட்ட பெயர்தான்) சேர்த்து, மீட்கவொண்ணாத ஹாஷ் உருவில் வைத்தலே முறை. புகுபவர் தரும் சொல்லை மீண்டும் அவ்வாறே உருமாற்றி ஒப்பிட்டாற் போதும். நோய்க்குறிப்பு முதலியன மருத்துவர் திரும்ப வாசிக்கத்தக்கவை. அவற்றை மறையாக்கி, திறவுகோலை வேறிடத்தே காத்தல் வேண்டும். நிரலின் விளக்கக் குறிப்புக்களையும் கல்லூரியின் பழைய ஆவணங்களையும் பூட்டுவதோ வீண். பிள்ளையவர்கள் நமக்கு விட்டுச்சென்றவாறே அவற்றை வெற்றெழுத்தில் விட்டுவைப்போம்.