வீட்டில்தானே இருக்கிறாய்

கோவையில் ஒரு தொழிற்சாலையின் நிர்வாக அலுவலகத்தில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தவள் என் தோழி. சென்ற ஆண்டு வேலையை விட்டாள். இப்போது வீட்டிலிருந்தே மெய்நிகர் உதவியாளராகத் தொழில் தொடங்கியிருக்கிறாள். எங்கோ இருக்கும் சிறு நிறுவன உரிமையாளர்களுக்கு மின்னஞ்சல்களைப் பார்த்துப் பதில் எழுதுவது, சந்திப்பு நேரங்களைக் குறிப்பது, பயணச்சீட்டு எடுப்பது, பில் அனுப்பி வராத பணத்தைக் கேட்டு வாங்குவது போன்ற வேலைகள். வாடிக்கையாளர்களிடம் காட்டுவதற்காகத் தன் அனுபவத்தை ஒரு பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்பினாள். "நீதான் மொழியில டாக்டராச்சே, திருத்திக் குடு" என்றாள். ஆங்கிலத்தில் பதினோரு வரிகள். பதினோரு வரியிலும் ஒரே வினைச்சொல்: அசிஸ்ட் செய்தேன்.

தொலைபேசியில் ஒவ்வொரு வரியாகக் கேட்டேன். தணிக்கையின்போது மேலாளருக்கு உதவினாய், சரி, என்ன செய்தாய்? மூன்று ஆண்டுக் கோப்புகளையும் இவள்தான் ஒழுங்கு செய்திருக்கிறாள். தணிக்கையாளரின் கேள்விகளுக்கு இவள்தான் பதில் எழுதியிருக்கிறாள். மேலாளர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தொழிலாளர் பேருந்துத் தடங்களை மாற்றியமைத்ததிலும் இதே கதைதான். அப்படியானால் யார் யாருக்கு உதவினார்கள்?

எங்கள் தலைமுறையில் பத்தாவது பரீட்சை முடிந்த கையோடு பெண்பிள்ளைகளை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துவிடுவார்கள். லோயர், ஹையர் இரண்டும் முடித்தால் ஏதாவது ஓர் அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொள்ளலாம் என்பது பெற்றோரின் கணக்கு. அப்படி உட்கார்ந்த பெண்கள்தாம் பல அலுவலகங்களை நடத்தினார்கள். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எந்த வாடிக்கையாளர் எப்போது கோபப்படுவார், முதலாளியின் மனைவிக்குப் பிறந்த நாள் எப்போது எல்லாம் அவர்கள் தலைக்குள் இருந்தன. அதற்கு நிர்வாகம் என்று பெயர் வைக்காமல் உதவி என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் செய்வதற்கும் அதே பெயர்தான்: கூடமாட ஒத்தாசை.

இப்போது அந்தப் பெயரின் முன்னால் மெய்நிகர் என்று ஓர் ஒட்டு வேறு. மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பும்கூட. உண்மையைப் போன்ற, ஆனால் உண்மையல்லாத உதவியாளர் என்றா இதைப் படிப்பது? இவளுடைய கழுத்துவலியில் நிகர் எதுவும் இல்லை, மெய்தான்.

"வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், குடும்பத்தையும் பார்த்துக்கொள்ளலாம்" என்று பெண்களுக்குச் சொல்கிறவர்களிடம்தான் என் சண்டை. இந்தத் தொழிலோடு எனக்குச் சண்டை இல்லை. அவளுக்கு இது பிடித்திருக்கிறது. இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டியதில்லை, தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்க்கும் ஆள் இல்லை. ஆனால் அவள் ஏன் வேலையை விட்டாள் என்று யாரும் கேட்பதில்லை. மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அவருக்கு இரண்டு மகன்கள். யார் வேலையை விடுவது என்று அந்த வீட்டில் ஒரு விவாதமும் நடக்கவில்லை. விவாதிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவேயில்லை. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேற்றுப் பயன் சட்டத்தைப் பாருங்கள். 26 வார விடுப்புக்குப் பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால் வீட்டிலிருந்து பணியாற்ற நிறுவனம் அனுமதிக்கலாம் என்றது. அந்த அனுமதி தாய்க்கு. தந்தைக்கு அதில் ஒரு வரிகூட இருக்கவில்லை. வீட்டிலிருந்து வேலை என்று சட்டம் எழுதும்போதே ஒரு பெண்ணைத்தான் மனத்தில் வைத்து எழுதுகிறது.

வீட்டிலிருந்து வேலை செய்வது நமக்குப் புதிதும் இல்லை. நெல்லைப் பக்கம் பெண்கள் பல தலைமுறையாக முறத்தில் இலையும் தூளும் வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவளையும் தொழிலாளி என்று வரையறுத்தது. முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். சட்டம் செல்லும் என்று 1974இல் தீர்ப்பு வந்தது. அந்தப் பெண்களின் கூலி போதுமானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் தொழிலாளிகள் என்பதற்கு ஒரு சட்டம் இருந்தது. மடிக்கணினி வைத்திருக்கும் என் தோழியை யார் தொழிலாளி என்பார்கள்? வேலை கொடுப்பவர் வேறு நாட்டில். இடையில் இருக்கும் தளம் தன் பங்கை எடுத்துக்கொண்டு, நான் வெறும் பாலம் என்கிறது. வீட்டுவேலைமுறைத் தொழிலாளருக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் கொண்டுவந்த 177ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்கவில்லை. பீடி சுற்றும் பெண்களிடம் இவள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. படித்த நம்முடைய கர்வம்தான் அதற்கு விடாது.

விலை விஷயத்துக்கு வருகிறேன். பழைய மாதச் சம்பளத்தை 26 நாளால் வகுத்து, 8 மணி நேரத்தால் வகுத்து, வந்த தொகையைத் தன் ஒரு மணி நேரக் கட்டணம் என்று போட்டிருந்தாள். அதிலும் பத்து ரூபாய் குறைத்து. கேட்டால், "வீட்டுல இருந்துதானே பண்றேன்" என்கிறாள். அந்தச் சம்பளத்துக்கு மேல் நிறுவனம் தன் பங்காக 12 விழுக்காடு வைப்புநிதி கட்டியது. ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் பணிக்கொடையாகச் சேர்ந்தது. நாற்காலி, மின்சாரம், இணையம், காய்ச்சல் வந்தால் விடுப்பு எல்லாம் நிறுவனத்தின் செலவு. இன்று அத்தனையும் அவள் செலவு. வாடிக்கையாளரைத் தேடும் நேரத்துக்கும், பேசிப் பேசி முடிவாகாமல் போகும் நேரத்துக்கும் யார் கொடுப்பார்கள்? ஒரு நாளில் எட்டு மணி நேரமும் காசாவதில்லை. பாதி ஆனாலே பெரிது. பழைய கணக்கை இரண்டால் பெருக்கச் சொன்னேன். பயந்தாள். வீட்டில் இருக்கும் பெண்ணின் நேரம் மலிவு என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் சொல்வதற்கு முன்பே நாமே சொல்லிவிடுகிறோம். அவருக்கென்ன, சந்தோஷமாக ஒப்புக்கொள்வார்.

அவளுடைய வாடிக்கையாளர் இங்கிலாந்தில் இருக்கிறார். அங்கே காலை 9 மணி என்றால் குளிர்காலத்தில் இங்கே பகல் 2.30. மதியம் இரண்டரையிலிருந்து இரவு எட்டரை வரை அவளுடைய வேலை நேரம். பிள்ளை பள்ளியிலிருந்து வருவதும், கூரியர்காரர் மணியடிப்பதும், மாமியாருக்கு மாத்திரை கொடுப்பதும், இரவுச் சமையலும் அதே நேரத்தில்தான். "நீ வூட்டுலதான இருக்கற கண்ணு" என்கிறார் மாமியார், அன்பாகத்தான். கணவர் அலுவலகத்திலிருந்து அழைத்து, கேஸ்காரர் வருவார், பார்த்துக்கொள் என்கிறார். அவர் அலுவலகத்தில் இருக்கும்போது அவரை இப்படி யாராவது அழைப்பார்களா?

அந்தப் பதினோரு வரிகளையும் மாற்றி எழுதினோம். நடத்தினேன், தயாரித்தேன், முடிவு செய்தேன். ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் அவள் ஒருமுறை தயங்கி, "இது கொஞ்சம் ஓவரா இல்ல?" என்றாள். இல்லை என்றேன்.

கட்டணத்தை உயர்த்தி அனுப்பியதில் இருவர் பதிலே போடவில்லை, ஒருவர் ஒப்புக்கொண்டார். அடுத்ததாக, அவள் வேலை செய்யும் அறைக்கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும். இருந்தது எப்போதோ உடைந்துபோயிருக்கிறது, யாருக்கும் தேவைப்படவில்லை. ஆசாரி புதன்கிழமை மூன்று மணிக்கு வருகிறேன் என்றிருக்கிறார். அது தன் வேலை நேரம், அரைநாள் விடுப்புப் போட்டு நீங்கள்தான் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கணவரிடம் சொல்லிவிட்டாளாம்.