பாதி வழியில் நிற்கும் படகு எஞ்சின்... காயிலை மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை!

''நெல் சாகுபடி இல்லாத மாதங்களில் கோரையாறு வழியாக லகூனுக்குப் போய் மீன், நண்டு பிடிக்கிறோம். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டும் இரண்டு சிலிண்டர் பழைய எஞ்சின். காலையில் ஒரே இழுப்பில் கிளம்பிவிடும். அரை மணி நேரம் ஓடியதும் தானாக நின்றுவிடுகிறது. சிறிது நேரம் கழித்து இழுத்தால் மறுபடியும் ஓடுகிறது. பிளக்கை இரண்டு முறை மாற்றிவிட்டோம். இப்போது காயிலை மாற்றச் சொல்கிறார்கள். போன வாரம் இருட்டும் நேரத்தில் என் மகன் தனியாக லகூன் நடுவில் மாட்டிக்கொண்டான். காயிலை மாற்றினால் போதுமா, எஞ்சினையே மாற்ற வேண்டுமா?''

- வாசகர், முத்துப்பேட்டை பகுதி, திருவாரூர் மாவட்டம்.

எஞ்சினை மாற்றும் அவசரம் இப்போது இல்லை. காயிலுக்குப் பணம் கொடுக்கும் முன்பும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. சூட்டில் நிற்கும் எஞ்சின், மெக்கானிக்கிடம் வரும்போது ஆறிப்போய் நன்றாக ஓடும். அதனால், அவரும் ஊகத்தில்தான் சொல்ல முடியும். எஞ்சின் நின்ற அந்த நிமிடத்திலேயே சோதிப்பதுதான் சரியான வழி. படகைக் கரையோரம் கட்டிப்போட்டு, ப்ரொப்பல்லர் தண்ணீரில் இருக்கும்படி அரை மணி நேரம் ஓடவிட்டு, நின்றதும் கீழ்க்கண்ட வரிசையில் பார்க்க வேண்டும்.

முதலில் குளிர்விக்கும் தண்ணீர். ஓடும்போது எஞ்சின் பின்புறம் தண்ணீர் பீய்ச்சி வர வேண்டும். லகூன் சேறு அடைத்துத் தண்ணீர் நின்றால் எஞ்சின் சூடேறி இறுகும். கயிற்றை இழுப்பதே கடினமாக இருக்கும். அடைப்பை எடுக்காமல் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது.

அடுத்து டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு. அது மூடியிருந்தால் எண்ணெய் குறையக் குறைய டேங்கில் காற்று இல்லாமல், எண்ணெய் வருவது நின்றுவிடும். சிறிது நேரத்தில் காற்று கசிந்து உள்ளே போனதும் எஞ்சின் மறுபடி ஓடும். காயில் கோளாறும் இப்படித்தான் தெரியும். செலவே இல்லாத இந்தச் சோதனையை விட்டுவிடக் கூடாது.

இரண்டும் சரியாக இருந்தால், நின்ற உடனே இரண்டு பிளக்கையும் கழற்றிப் பார்க்க வேண்டும். நுனி காய்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லை. நனைந்திருந்தால் எண்ணெய் வருகிறது, ஸ்பார்க்கில் சந்தேகம். பிளக்கை அதன் வயரில் பொருத்தி, உலோகப் பகுதி எஞ்சின் பாடியில் நன்றாகத் தொடும்படி, ரப்பர் பிடி போட்ட குறடால் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுக்க வேண்டும். நல்ல நீல நிற ஸ்பார்க் வர வேண்டும். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வரும்; அதனால் துளைக்கும் டேங்குக்கும் தள்ளி வைத்தே சோதிக்க வேண்டும். கை ஈரமாக இருக்கக் கூடாது.

இரண்டு சிலிண்டர் எஞ்சினில் ஒரு பக்கம் மட்டும் ஸ்பார்க் போனால், பெரும்பாலும் எஞ்சின் இழுவை குறைந்து திணறும். மொத்தமாக நிற்கிறது என்றால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு பக்கமும் ஸ்பார்க் இல்லையென்றால் ஸ்டாப் சுவிட்ச் வயரை முதலில் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் உள்ளே பச்சை பிடித்தோ, தோல் உரிந்து பாடியில் உரசியோ, அந்த வயர் எஞ்சினைத் தானாக நிறுத்திவிடும். கரையில் வைத்து அந்த வயரைப் பிரித்துவிட்டுச் சோதித்தால் உண்மை தெரியும். அப்போது ஸ்டாப் பட்டன் வேலை செய்யாது. சோக்கை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். வயரைப் பிரித்த நிலையில் தொழிலுக்குப் போகவே கூடாது.

ஒரே காயிலிலிருந்து இரண்டு பிளக்குக்கும் வயர் போகும் எஞ்சின் என்றால், காயில் பழுதும் இரண்டையும் சேர்த்து நிறுத்தும். சூட்டில் மட்டும் ஸ்பார்க் போய், ஆறியதும் வருகிறது. வயரும் சரியாக இருக்கிறது என்றால் மட்டுமே காயிலை மாற்றலாம். சி.டி.ஐ. யூனிட் உள்ள எஞ்சினில் அதையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள எஞ்சினில், ஒரு காயிலை மாற்றுவதால் இந்தக் கோளாறு தீராது.

பாயிண்ட் உள்ள பழைய எஞ்சினில், ஃப்ளைவீலின் அடியில் இருக்கும் பாயிண்டில் உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும். மெல்லிய எமரி தாளில் தேய்த்து, சுத்தமான துணியால் துடைத்து இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். பல எஞ்சின்களில் இது 0.35 மி.மீ. அளவில் இருக்கும், எஞ்சின் புத்தகத்தில் உள்ள அளவே சரியானது. பாயிண்ட் கருகிக் குழி விழுந்திருந்தால் கண்டன்சரும் சந்தேகம். ஃப்ளைவீலைப் புல்லர் போட்டுத்தான் கழற்ற வேண்டும். சுத்தியலால் தட்டினால் ஷாஃப்ட் கெடும்.

எஞ்சினை நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பு பெட்ரோலுக்கு மாற்றிவிட வேண்டும். மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால் கார்பரேட்டரில் அதுதான் தங்கும். அடுத்த நாள் எளிதில் கிளம்பாது.

கோளாறு எது என்று தெரிந்து, ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடி, சூட்டிலேயே நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் ஆகும் வரை மகனைத் தனியாக அனுப்ப வேண்டாம். அதன் பிறகும் துடுப்பு, கழி, நங்கூரம், உயிர்காப்பு உடை, டார்ச் லைட், இரண்டு பிளக், பிளக் ஸ்பேனர் ஆகியவை எப்போதும் படகில் இருக்க வேண்டும். கிளம்பும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போவது நல்லது.