வேகச் சாலைக்கு அப்பால் ஒரு மிதிவண்டிப் பாதை



கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்வோர் பலர். அவர்களுள் பொம்மையார்பாளையம் என்னும் ஊரின் பெயரை நினைவில் வைத்திருப்போர் சிலரே. கோட்டக்குப்பத்தைத் தாண்டி வடக்கே சற்றுத் தொலைவு சென்றால் வரும் சிற்றூர் அது. கிழக்கே வங்கக் கடலும் மீனவர் குடியிருப்பும். மேற்கே செம்மண் மேடும் முந்திரித் தோப்பும். நடுவே ஓயாது விரையும் நெடுஞ்சாலை. அந்தச் சாலையை விட்டு மேற்கே திரும்பியவுடன் வேறோர் உலகம் தொடங்குகிறது. மிதிவண்டி ஒன்றும் அரை நாள் ஓய்வும் உடைய குடும்பம் எதுவும் அவ்வுலகைக் கண்டு வரலாம். இம்மாதம் அந்த வழியை உங்களுக்குக் காட்ட விரும்புகிறோம்.

வழி காட்டுவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, நல்லியக்கோடன் என்னும் வள்ளலின் ஊருக்குச் செல்லும் வழியை வறிய பாணனுக்குச் சொல்லும் நூலாகும். அதில் வரும் எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்றும், கிடங்கிலைத் திண்டிவனத்தை ஒட்டிய பகுதி என்றும் அறிஞர் கருதுவர். அதைப் பாடிய நத்தத்தனார் மரக்காணத்துக்கு வடக்கேயுள்ள இடைக்கழிநாட்டைச் சேர்ந்தவர். கடற்கரை, முல்லைக்காடு, மருதவயல் என நிலம் மாறுவதை அவர் வரிசையாகக் காட்டுகிறார். நடந்து செல்பவனின் வேகத்தில் மட்டுமே அந்த மாற்றம் கண்ணுக்குப் புலப்படும். அந்த வேகத்துக்கு அடுத்தபடியாக நிற்பது மிதிவண்டியின் வேகம்.

முதல் வழி மேற்கு நோக்கியது. பொம்மையார்பாளையத்திலிருந்து குயிலாப்பாளையத்தை நோக்கிச் செல்கையில் நிலம் மெல்ல உயர்கிறது. கடலுக்கு இத்தனை அருகில் ஒரு மேட்டு நிலம் இருப்பது வியப்பூட்டும். கடலூர் மணற்கல் என்று நிலவியலார் குறிப்பிடும் பாறைப் படிவத்தின் மேல் அமைந்த செம்மண் நிலம் இது. மரங்கள் வெட்டப்பட்டு மண் வெறுமையானபோது, ஒவ்வொரு மழையும் அதை அறுத்துக் கடலுக்குக் கொண்டுபோயிற்று. அப்படி அறுபட்ட ஆழமான செம்மண் ஓடைகளை ஊரின் பக்கத்திலேயே காணலாம். 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் நகரம் தொடங்கப்பட்டபோது இந்த மேட்டின் பெரும்பகுதி பொட்டலாகவே கிடந்தது. பின்னர் மண்கரைகள் எழுப்பி மழைநீரைத் தேக்கி, இலட்சக்கணக்கான மரங்களை நட்டார்கள். இன்று நீங்கள் மிதிக்கும் நிழற்சாலை அந்த உழைப்பின் பயன். குயிலாப்பாளையம் பகுதியில் சுற்றுலா வண்டிகளின் நெரிசல் உண்டு. இடையஞ்சாவடியைக் கடந்து இரும்பையை நெருங்கும்போது அந்த இரைச்சல் அடங்கிவிடும்.

இரும்பையில் பழமையான சிவன் கோயிலும் ஏரியும் உள்ளன. ஒரு சித்தரின் சாபத்தால் இவ்வட்டாரம் பாலையாயிற்று என்று ஊரார் கதை சொல்வர். சாபம் எதுவாயினும், அதை நீக்கியவை மண்வெட்டியும் மரக்கன்றுமே என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். சிறுவர்களுடன் செல்வோர் இரும்பை ஏரிக்கரையோடு திரும்பிவிடுவது நலம்.

வலிமையுள்ள இளைஞர்கள் மேலும் மேற்கே, வானூர் வழியாகத் திருவக்கரை வரை செல்லலாம். இடையே திண்டிவனம் - புதுச்சேரி நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும். அங்கே கட்டாயம் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு கடந்து செல்லுங்கள். திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் சங்கராபரணி ஆற்றின் அருகே கிடக்கின்றன. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்த மரங்கள் அவை. பியேர் சொன்னரா என்னும் பிரெஞ்சு இயற்கையியலார் 1781-லேயே இவற்றைப் பற்றி எழுதியுள்ளார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை காக்கும் இடம் அது. ஒரு சில்லைக்கூட எடுத்து வரலாகாது. ஒரு வழிக்கே 25 கிலோமீட்டருக்குக் குறையாது என்பதால், பழக்கம் இல்லாதவர்கள் ஒரே நாளில் முயலவேண்டாம்.

இரண்டாவது வழி வடக்கு நோக்கியது. பொம்மையார்பாளையத்திலிருந்து மரக்காணம் சுமார் 25 கிலோமீட்டர். நெடுஞ்சாலையிலேயே செல்லாமல், இயன்றவிடத்தெல்லாம் மேற்கிலுள்ள ஊர்ச்சாலைகளைப் பிடித்துக் கழுவெளியை நோக்கிச் செல்லுங்கள். சுற்றிலுமுள்ள ஏரிகள் நிரம்பி வழியும் நீர் வந்து சேரும் பரந்த சதுப்பு நிலம் அது. எடையன்திட்டுக் கழிமுகம் வழியே கடலோடு தொடர்புடையது. மழைக்காலத்தில் நன்னீராகவும், கோடையில் உவர்நீராகவும் மாறும். தமிழ்நாட்டில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பு இதுவே. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. மார்கழி, தை மாதங்களில் பூநாரையும் கூழைக்கடாவும் இங்கே இறங்குகின்றன. கரையிலிருந்து பார்த்தால் போதும். நீருக்குள் இறங்குவதும் கூச்சலிடுவதும் வேண்டா.

கழுவெளியைக் கடந்து மரக்காணத்தை அடைந்தால் உப்பளங்கள் தொடங்கும். பாத்தி பாத்தியாகக் கடல்நீர் காய்வதையும், வெண்மையான உப்புக் குவியல்களையும் காணலாம். வடகிழக்குப் பருவமழையில் அந்தத் தொழில் நின்றுவிடும். தை பிறந்த பின்னரே பாத்திகள் மீண்டும் சீராக்கப்படும்.

பயணத்துக்குச் சில குறிப்புகள். வைகறைத் தொழுகை முடிந்தவுடன் புறப்படுங்கள். முற்பகலுக்குப் பின் கடற்காற்று எழும்; அப்போது கிழக்கு நோக்கித் திரும்புவோருக்கு அது எதிர்க்காற்றாகிவிடும். பிரேக்கையும் செயினையும் முன்னாளிலேயே சரிபாருங்கள். காற்றடிக்கும் பம்பும், பஞ்சர் ஒட்டும் பசையும், ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீரும் உடன் இருக்கட்டும். செம்மண் பாதை மழையில் வழுக்கும். இறக்கத்தில் முன்சக்கரத்துப் பிரேக்கை மட்டும் திடீரென அழுத்தலாகாது.

வாசகர்களே! இவ்வளவும் பொழுதுபோக்குக்காக மட்டும் சொல்லப்படவில்லை. மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையிலான 46 கிலோமீட்டர் சாலையை நான்கு வழிச்சாலையாக்க 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சாலை அகலப்படுவது நன்மையே. ஆனால் அகன்ற சாலையில் வண்டிகளின் வேகம் கூடும். பள்ளிக்குச் செல்லும் சிறுமியும், உப்பளத்துக்குச் செல்லும் தொழிலாளியும், மீன் விற்கச் செல்பவரும் எவ்வழியே மிதிவண்டியில் போவார்கள் என்பதே நம் கேள்வி. அவர்களுக்கு எஞ்சியிருப்பவை இந்த ஊர்ச்சாலைகளே. நெடுஞ்சாலை நெரிசலுக்குக் குறுக்கு வழியாக அவற்றையும் கார்கள் பிடித்துக்கொண்டால், ஏழைக்கு வழி ஏது?

மிதிவண்டி ஒரு பெண்ணின் வாழ்வை எவ்வளவு மாற்றும் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் சான்று. 1991-92 ஆண்டுகளில் அறிவொளி இயக்கத்தோடு இணைந்து, அன்றைய மாவட்ட ஆட்சித் தலைவர் ஷீலா ராணி சுங்கத் அளித்த ஊக்கத்தால், அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். கட்டுப்பாடு மிகுந்த முஸ்லிம் குடும்பங்களின் இளம்பெண்களும் அவர்களுள் இருந்தனர். தண்ணீர் எடுக்கவும், பொருள் விற்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் பேருந்தையோ ஆண்களையோ எதிர்பார்த்து நிற்கும் நிலை அவர்களுக்கு நீங்கியது. இன்று அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்புப் படிக்கும் மாணவிக்கு விலையின்றி மிதிவண்டி கிடைக்கிறது. அதை அச்சமின்றி ஓட்டப் பாதை கிடைக்கிறதா?

இங்கிலாந்தின் வடமேற்கே ஏரிகளும் குன்றுகளும் நிறைந்த வட்டாரம் ஒன்று உண்டு. அதன் வடபகுதியினூடே மேற்குக் கடற்கரையிலிருந்து கிழக்குக் கடற்கரை வரை, 200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரு மிதிவண்டி வழி 1994-ல் திறக்கப்பட்டது. அதற்காகப் புதிய சாலை பெரிதாகப் போடவில்லை. போக்குவரத்துக் குறைந்த ஊர்ச்சாலைகளையும் கைவிடப்பட்ட ரயில் பாதைகளையும் இணைத்து, திருப்பந்தோறும் வழிகாட்டிப் பலகை நட்டார்கள். சுரங்கங்கள் மூடப்பட்டு வாடிய ஊர்களில் தேநீர்க் கடைகளும் தங்கும் விடுதிகளும் பிழைக்கலாயின.

நம் ஊராட்சிகளும் இதைச் செய்ய இயலும். ஊர்ச்சாலையில் வேகத்தடை, திருப்பத்தில் பெயர்ப்பலகை, ஓரத்தில் நிழல்மரம், நெடுஞ்சாலையைக் கடக்குமிடத்தில் பாதுகாப்பான வழி: இந்த நான்கையும் கிராமசபைக் கூட்டத்தில் கேளுங்கள். கேட்பதற்கு முன் ஒருமுறையேனும் அந்த வழியில் உங்கள் பிள்ளைகளோடு மிதித்துச் செல்லுங்கள். ஆள் நடமாடும் பாதையை எவரும் எளிதில் அழித்துவிட முடியாது.