நாலு கால் பட்டாம்பூச்சி

பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டுக் கால். பள்ளிப் பாடம் சரிதான். ஆனால் அதை மட்டும் நம்பி ஸ்ரீரங்கம் மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, சுமார் 25 ஏக்கரில், 2015-இல் திறந்த பூங்கா அது.

எருக்குச் செடியருகே வரும் வெந்தய வரியனைப் பாருங்கள். நாலு காலில்தான் நிற்கும். நம் மாநிலப் பட்டாம்பூச்சியாக 2019-இல் அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனும் அப்படியே. இவை இரண்டும் சேர்ந்த பட்டாம்பூச்சிக் குடும்பத்தில் முன்னங்கால் இரண்டும் சிறுத்து, மார்போடு மடங்கிக் கிடக்கும். நடக்க உதவாது. ஆனால் பெண் பட்டாம்பூச்சி அந்தக் கால்களால் இலையைத் தட்டி ருசி பார்த்துத்தான் முட்டையிடும்.

புதரில் வலை கட்டும் ஒருவகைச் சிலந்தி, எட்டுக் காலையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறியாக நிற்கும். அதுவும் நாலு கால் என்றே தோன்றும். மாமரத்து முசுறு எறும்பைப் போலவே வேடம் போடும் சிலந்தியோ, முன்னங்கால்களை உணர்கொம்பாகத் தூக்கிக்கொண்டு ஆறு கால் போலக் காட்டும். கிளையைத் தட்டினால் நூல் விட்டுத் தொங்கும்; சாயம் வெளுத்துவிடும்.

ஆகவே, கால் எண்ணும் முன் உடம்பைப் பாருங்கள். பூச்சிக்குத் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகள். காலும் இறக்கையும் மார்பில்தான் இருக்கும். தலையில் ஓர் இணை உணர்கொம்பு. சிலந்திக்குத் தலையும் மார்பும் ஒரே துண்டு, பின்னால் வயிறு. உணர்கொம்பும் இறக்கையும் கிடையவே கிடையாது. பட்டாம்பூச்சிக்கு ஆயிரக்கணக்கான சிறு கண்கள் சேர்ந்த கூட்டுக்கண் இரண்டு. சிலந்திக்குத் தனித்தனிக் கண்கள், பெரும்பாலும் எட்டு.

தேளும் சிலந்தியின் உறவுதான். முன்னால் நீட்டும் இடுக்கிகள் கால் கணக்கில் சேராது. கொடுக்கோடு வளையும் வாலும் வயிற்றின் நீட்சியே.

புழுவிலும் ஏமாறாதீர்கள். பட்டாம்பூச்சிப் புழுவின் தலைக்குப் பின்னால், மார்பில் உள்ள மூன்று இணைதான் நிஜக்கால். வயிற்றுப் பக்கம் இருக்கும் தடித்தவை பொய்க்கால். வளர்ந்த பட்டாம்பூச்சியில் அவை இருக்காது.

மேலூர் போகிறவர்கள் ஒரு சின்ன பூதக்கண்ணாடி கொண்டுபோங்கள். இறக்கையை மட்டும் பிடிக்காதீர்கள். விரலில் ஒட்டும் அந்தப் பொடி பட்டாம்பூச்சியின் செதில். உதிர்ந்தால் மறுபடி முளைக்காது.