தோழமையும் இரத்தமும்

அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2009 நவம்பரில் வெளியிட்ட வீடியோ விளையாட்டு 'லெஃப்ட் ஃபோர் டெட் 2'. நோய் தொற்றி வெறிபிடித்த கூட்டத்திடமிருந்து நால்வர் உயிர் தப்புவதே கதை.

இதன் சிறப்பு யாது? தனித்து ஓடுபவன் பிழைப்பது அரிது. விழுந்தவனைத் தோழனே தூக்கிவிட வேண்டும். ஆட்டக்காரரின் நிலையறிந்து கணினி எதிரிகளை மாற்றி அனுப்புவதால், பழகிய பாதையிலும் அச்சம் தீர்வதில்லை.

குறைகளும் உண்டு. ஓராண்டு இடைவெளியில் இரண்டாம் பாகமா என்று முதற்பாகத்தின் ரசிகர்களே எதிர்த்தனர். இரத்தக் காட்சிகளோ மிதமிஞ்சியவை. அவுஸ்திரேலியா முதலில் அனுமதி மறுத்தது, காட்சிகளைக் குறைத்த பின்னரே விற்பனைக்கு விட்டது. ஐரோப்பியத் தரப்படுத்தலும் 18 வயது நிரம்பியோருக்கு மட்டுமே என்கிறது.

பெற்றோரே! தோழனைக் கைவிடாமை நல்ல பாடம்தான். ஆனால், அதைப் படிக்க உங்கள் பிள்ளை இரத்தத்தில் நடக்க வேண்டுமா? மைதானம் போதாதா?